லயனல் ஹாம்ப்டன்: ரேடியோ மணியோசைக் கருவியை ஜாஸ் மேடைக்குக் கொண்டுவந்தவர் - யார் இவர்?

1936ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்க முடியாது, ஒரே ரயில் பெட்டியில் உட்கார முடியாது. வட மாகாணங்களில் சட்டம் இல்லையென்றாலும், பல ஹோட்டல்களில் கறுப்பினத்தவருக்கு அறை கிடையாது.

அந்த நேரத்தில்தான் நான்கு பேர் ஒரே மேடையில் ஏறி ஜாஸ் வாசித்தார்கள். இரண்டு பேர் வெள்ளையர், இரண்டு பேர் கறுப்பினத்தவர். அந்த நால்வரில் ஒருவர் வாசித்த கருவியின் பெயர்கூட அன்றைக்குப் பலருக்குத் தெரியாது.

கருவியின் பெயர் வைப்ரஃபோன். வாசித்தவர் லயனல் ஹாம்ப்டன். அவர் யார், அந்த மேடை ஏன் இன்றைக்கும் பேசப்படுகிறது, பிற்காலத்தில் அவர்மீது விமர்சனங்கள் வந்தது ஏன்? பார்க்கலாம்.

சரி, வைப்ரஃபோன்னா என்ன?

ஜலதரங்கத்தில் கிண்ணங்களைத் தட்டி ஸ்வரம் எழுப்புவார்கள் இல்லையா? வைப்ரஃபோனில் கிண்ணங்களுக்குப் பதிலாக உலோகப் பட்டைகள். பியானோ கட்டைகள் போலவே வரிசையாக அடுக்கியிருக்கும். தலையில் உருண்டை வைத்த கோல்களால் தட்டி வாசிக்க வேண்டும். வழக்கமான வைப்ரஃபோனில் 37 பட்டைகள், அதாவது மூன்று ஸ்தாயி.

ஒவ்வொரு பட்டைக்குக் கீழேயும் ஒரு குழாய் தொங்கும். குழாயின் வாயில் ஒரு சின்னத் தட்டு. மோட்டார் அந்தத் தட்டைச் சுழற்றும்போது குழாய் மாறி மாறித் திறந்து மூடும். அதனால் ஒலி அலை அலையாக நடுங்கிக்கொண்டே வரும். பெயரில் இருக்கும் 'வைப்ர' என்பது அந்த நடுக்கம்தான். காலடியில் ஒரு பெடல் உண்டு. அதை அழுத்தினால் ஒலி நீளும், விட்டால் உடனே நின்றுவிடும்.

1920களில் அமெரிக்காவில் இந்தக் கருவி உருவானபோது யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் வேடிக்கை ஒலிக்கும், ரேடியோ நிகழ்ச்சிகளுக்கு நடுவே மணியோசைக்கும்தான் அது பயன்பட்டது. ஒரு கலைஞன் இதை வைத்துக் கற்பனையாக வாசிக்க முடியும் என்று அப்போது பலரும் நினைக்கவில்லை.

சிறு வயதில் கையில் டிரம் குச்சி

லயனல் ஹாம்ப்டன் 1908 ஏப்ரல் 20 அன்று கென்டக்கி மாகாணத்தின் லூயிவில் நகரில் பிறந்தார். வளர்ந்தது அலபாமா மாகாணத்தின் பர்மிங்ஹாமில், அம்மா வழிக் குடும்பத்தோடு. பிறகு குடும்பம் சிகாகோவுக்குப் போனது. அந்தக் காலத்தில் தெற்கின் இனவெறியிலிருந்து தப்பி, வேலை தேடி, லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் இப்படி வடக்கே நகர்ந்தன. அதில் இதுவும் ஒன்று.

விஸ்கான்சின் மாகாணத்தில் கெனோஷா பகுதியில் இருந்த ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் சில காலம் படித்தார். டிரம் குச்சியை ஒழுங்காகப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அங்கிருந்த ஒரு கன்னியாஸ்திரி. சிகாகோவில் 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பினத்தவர் பத்திரிகை, பேப்பர் போடும் பையன்களுக்காக ஒரு இசைக்குழு நடத்தியது. அதில் சேர்ந்து டிரம் வாசித்தார். அங்கேயே ஜிம்மி பெர்ட்ரண்ட் என்ற டிரம்மரிடம் சைலஃபோனும் கற்றுக்கொண்டார்.

சைலஃபோன், வைப்ரஃபோனுக்கு அண்ணன் மாதிரி. மரப் பட்டைகள், மோட்டார் கிடையாது. ஆனால் ஸ்வரங்களின் வரிசை ஒன்றுதான். இந்தப் பயிற்சி பின்னால் அவருக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதை அடுத்து பார்ப்போம்.

1920களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவுக்குப் போனார். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் உள்ள கல்வர் சிட்டியில் ஒரு இரவு விடுதி. அங்கே லெஸ் ஹைட் என்பவரின் இசைக்குழுவில் டிரம்மர் வேலை கிடைத்தது.

1930 அக்டோபர் 16: ஸ்டூடியோவில் என்ன நடந்தது?

அன்றைய ஜாஸ் உலகின் மிகப் பெரிய பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங். டிரம்பெட் கலைஞர், பாடகர். 1930இல் கலிஃபோர்னியாவுக்கு வந்த அவருக்கு லெஸ் ஹைட்டின் குழுதான் பக்கவாத்தியம். ஹாம்ப்டனுக்கு அப்போது வயது 22.

ரெக்கார்டிங்குக்குப் போன இடத்தில் ஸ்டூடியோவில் ஒரு வைப்ரஃபோன் சும்மா நின்றுகொண்டிருந்தது. இதை வாசிக்கத் தெரியுமா என்று ஆம்ஸ்ட்ராங் கேட்டார். ஹாம்ப்டன் முன்பின் அதைத் தொட்டதில்லை. ஆனால் சைலஃபோன் தெரியும். அதோடு, ஆம்ஸ்ட்ராங்கின் பழைய ரெக்கார்டுகளில் வந்த டிரம்பெட் தனி ஆவர்த்தனங்கள் அவருக்கு ஸ்வரம் பிசகாமல் மனப்பாடம். அதில் ஒன்றை அப்படியே பட்டைகளில் தட்டிக் காட்டினார். ஆம்ஸ்ட்ராங் அசந்துபோனார் என்று ஹாம்ப்டன் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

'மெமரீஸ் ஆஃப் யூ' என்ற பாடலின் அன்றைய பதிவில் அவருடைய வைப்ரஃபோன் ஒலிக்கிறது. சில நொடிகள்தான். ஆனால் ஜாஸ் இசையில் வைப்ரஃபோன் ஒரு தனிக் குரலாகக் கேட்டது இந்தப் பதிவிலிருந்துதான் என்று இசை வரலாற்று நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன.

அதற்குப் பிறகு ஹாம்ப்டன் அந்தக் கருவியை விடவில்லை. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சில காலம் இசையும் படித்தார். சொந்தமாகச் சின்ன குழு ஒன்றை அமைத்து, லாஸ் ஏஞ்சலிஸின் பாரடைஸ் கிளப்பில் வாசிக்க ஆரம்பித்தார்.

நான்கு பேர், ஒரே மேடை

1936 ஆகஸ்ட் மாதம். பெர்லின் ஒலிம்பிக்ஸில் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஹிட்லர் கண்முன்னே நான்கு தங்கம் வென்ற அதே மாதம்.

அப்போது அமெரிக்க இளைஞர்கள் கொண்டாடிய இசைக்கலைஞர் பென்னி குட்மேன். கிளாரினெட் கலைஞர், சிகாகோவின் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹாம்ப்டனைப் பற்றிக் கேள்விப்பட்டு பாரடைஸ் கிளப்புக்கு வந்தார். தன் குழுவின் பியானோ கலைஞர் டெடி வில்சனையும் டிரம்மர் ஜீன் குரூப்பாவையும் அழைத்துவந்தார். கச்சேரி முடிந்தும் நால்வரும் விடாமல் சேர்ந்து வாசித்தார்கள்.

ஆகஸ்ட் 21 அன்று நால்வரும் ஹாலிவுட்டில் 'மூன்குளோ' என்ற பாடலைப் பதிவு செய்தார்கள். நவம்பரில் ஹாம்ப்டன் நியூயார்க் போய் முறைப்படி சேர்ந்துகொண்டார். பென்னி குட்மேன் குவார்டெட் பிறந்தது இப்படித்தான்.

இதில் வில்சனும் ஹாம்ப்டனும் கறுப்பினத்தவர். குட்மேனும் குரூப்பாவும் வெள்ளையர். ஸ்டூடியோவுக்குள் இரு இனக் கலைஞர்களும் சேர்ந்து வாசித்தது அதற்கு முன்பும் உண்டு, ஏன்னா ரெக்கார்டில் முகம் தெரியாது. ஆனால் டிக்கெட் வாங்கி வந்த மக்கள் முன்னால், விளக்கு வெளிச்சத்தில், சமமாக நின்று வாசிப்பது வேறு விஷயம். டெடி வில்சன் சில மாதங்களுக்கு முன்பே அந்த வழியைத் திறந்திருந்தார். ஹாம்ப்டன் வந்ததும் அது பாதிக்குப் பாதி ஆனது.

அந்த மேடை ஏன் முக்கியம்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

* அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கி நிறத் தடையை உடைத்தது 1947இல். குவார்டெட்டுக்கு 11 ஆண்டுகள் கழித்து.
* அமெரிக்க ராணுவத்தில் இனப் பாகுபாட்டை நீக்க அதிபர் ட்ரூமன் ஆணை போட்டது 1948இல். 12 ஆண்டுகள் கழித்து.
* பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். 18 ஆண்டுகள் கழித்து.
* ஹோட்டல், உணவகங்களில் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964இல். 28 ஆண்டுகள் கழித்து.

ஆனா இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. குட்மேனின் பெரிய இசைக்குழு வெள்ளையர்களால் ஆனதாகவே இருந்தது. அது வாசித்து முடித்து இடைவெளி விடும்போது, குவார்டெட் ஒரு 'சிறப்பு நிகழ்ச்சி' போல வந்து வாசித்துவிட்டுப் போகும். ஹாம்ப்டனும் வில்சனும் குழுவின் உறுப்பினர்கள் அல்ல, சிறப்பு விருந்தினர்கள் என்ற தோற்றம் இருந்தது. எதிர்ப்பு வராமல் இருக்க அது ஒரு வழி. மேடையில் சமம். மேடையை விட்டு இறங்கினால் தங்கும் இடமும் சாப்பாட்டு மேசையும் வேறு.

1938 மார்ச்சில் ஜீன் குரூப்பா குட்மேனோடு மனக்கசப்பு ஏற்பட்டு விலகினார். அப்போது சில காலம் பெரிய குழுவின் டிரம்ஸில் உட்கார்ந்தவர் ஹாம்ப்டன். விருந்தினர் நாற்காலியிலிருந்து குழுவின் நடுவுக்கே வந்துவிட்டார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 1938 ஜனவரி 16 அன்று, நியூயார்க்கின் கார்னகி ஹாலில் குட்மேன் நடத்திய கச்சேரி ஜாஸ் வரலாற்றின் மைல்கல். மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குப் பேர்போன அரங்கம் அது. அங்கே குவார்டெட்டும் வாசித்தது. ரேடியோ மணியோசைக் கருவி எட்டே ஆண்டுகளில் அமெரிக்காவின் மிக மதிப்புமிக்க இசை அரங்குக்குள் போய்விட்டது.

இனி சொந்தக் குழு

1940இல் ஹாம்ப்டன் குட்மேனிடமிருந்து விலகி, சொந்தமாகப் பெரிய இசைக்குழுவைத் தொடங்கினார்.

1942 மே மாதம் அந்தக் குழு பதிவு செய்த 'ஃப்ளையிங் ஹோம்' அமெரிக்கா முழுக்கப் பிரபலமானது. இதில் சாக்ஸஃபோன் வாசித்த இல்லினாய் ஜாக்கெட்டுக்கு வயது 19. அவருடைய அந்தத் தனி ஆவர்த்தனம், பின்னால் வந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் சாக்ஸஃபோன் கலைஞர்களுக்கே பாடப்புத்தகம் ஆனது. ராக் அண்ட் ரோல் இசையின் வேர்களில் ஒன்றாகவும் இந்தப் பதிவைச் சொல்வார்கள்.

மேடையில் ஹாம்ப்டன் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். வைப்ரஃபோன் வாசிப்பார், ஓடிப்போய் டிரம்ஸில் உட்காருவார், குச்சிகளைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பார். பியானோவை இரண்டே விரல்களால், கோல் கொண்டு தட்டுவது போலவே வாசிப்பார். இது இசையா, சர்க்கஸா என்று சில விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அரங்கம் நிரம்பிக்கொண்டே இருந்தது.

ஆனால் அவர் வெறும் ஆட்டக்காரர் இல்லை. சன்னி பர்க்கோடு சேர்ந்து 1947இல் அவர் உருவாக்கிய 'மிட்நைட் சன்' மிக மெதுவான, நுணுக்கமான மெட்டு. ஜானி மெர்சர் பின்னால் அதற்கு வரிகள் எழுதினார். பாடகிகள் பலர் விரும்பிப் பாடும் பாடலாக அது நிலைத்துவிட்டது.

குழுவா, பள்ளிக்கூடமா?

ஹாம்ப்டனின் குழுவில் இருந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் 20ஆம் நூற்றாண்டு ஜாஸ் வரலாறே அதில் இருக்கிறது. சாக்ஸஃபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன், பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ், கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி, டிரம்பெட் கலைஞர்கள் கிளிஃபர்ட் பிரவுன், ஆர்ட் ஃபார்மர், பாடகி பெட்டி கார்ட்டர். இவர்களில் பெரும்பாலானோர் சேரும்போது பெயர் தெரியாத இளைஞர்கள். ரூத் ஜோன்ஸ் என்ற இளம்பெண்ணும் இந்தக் குழுவில் பாடித்தான் டைனா வாஷிங்டன் என்ற பெயரில் நட்சத்திரம் ஆனார்.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தைத் தயாரித்த குவின்சி ஜோன்ஸும் இங்கிருந்து வந்தவர்தான். பதினைந்து வயதுப் பையனாக இருந்தபோதே ஹாம்ப்டன் அவரைக் குழுவில் சேரச் சொன்னாராம். பையனும் சந்தோஷமாகப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஹாம்ப்டனின் மனைவி கிளாடிஸ் பஸ்ஸுக்குள் வந்து பார்த்து, முதலில் படிப்பை முடி என்று இறக்கிவிட்டுவிட்டார். குவின்சி தன் பேட்டிகளில் அடிக்கடி சொன்ன கதை இது. 1951இல் மறுபடியும் அழைப்பு வந்தது. இந்த முறை அவரை யாரும் இறக்கிவிடவில்லை.

சம்பளமும் பாரிஸ் இரவுகளும்

விமர்சனம் எங்கே வருகிறது? இங்கேதான்.

ஹாம்ப்டன் குழுவில் சம்பளம் குறைவு என்பது ஜாஸ் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். திறமையான இளைஞர்கள் வருவார்கள், பெயர் எடுப்பார்கள், நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுவார்கள்.

1953இல் குழு ஐரோப்பா போனது. அங்கே யாரும் தனியாக ரெக்கார்டு செய்யக் கூடாது என்று ஹாம்ப்டன் தரப்பு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. ஆனால் பாரிஸில் ரெக்கார்டு நிறுவனங்கள் இந்த இளைஞர்களுக்காகக் காத்திருந்தன. கிளிஃபர்ட் பிரவுன், ஆர்ட் ஃபார்மர், ஜிஜி கிரைஸ், குவின்சி ஜோன்ஸ் ஆகியோர் இரவில் ஹோட்டலிலிருந்து நழுவிப் போய்ப் பதிவு செய்தார்கள்.

கிளிஃபர்ட் பிரவுன் 1956இல் கார் விபத்தில் இறந்தபோது வயது 25தான். அவர் விட்டுப்போன பதிவுகள் ரொம்பக் குறைவு. அன்றைக்கு அவர்கள் விதியை மீறாமல் இருந்திருந்தால், அந்தப் பாரிஸ் பதிவுகள் இன்று நமக்குக் கிடைத்திருக்காது.

அடுத்தவர் மேடையில் 'விருந்தினராக' நின்ற ஒருவர், சொந்த மேடை கிடைத்ததும் அதே அளவு கறாரான முதலாளி ஆனார். அதே சமயம், அந்த முதலாளி இல்லையென்றால் இந்த இளைஞர்களில் பலருக்கு முதல் மேடையே கிடைத்திருக்காது. இரண்டும் உண்மை.

கிளாடிஸ்: கணக்கைக் கையில் வைத்திருந்தவர்

ஹாம்ப்டன் கதையில் கிளாடிஸை விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும். ஹாலிவுட் நட்சத்திரங்களுக்கு உடை தைத்தவர் அவர். 1936 நவம்பரில் ஹாம்ப்டன் குட்மேனோடு சேர நியூயார்க் கிளம்பிய சமயத்தில்தான் இருவருக்கும் திருமணம்.

ஒப்பந்தம், கச்சேரித் தேதி, பஸ், சம்பளம் என எல்லாம் கிளாடிஸ் கையில்தான். இருவரின் பெயரையும் சேர்த்து 'கிளாட்-ஹாம்ப்' என்ற ரெக்கார்டு நிறுவனமும் நடத்தினார்கள். இசைக்கலைஞர்கள் சம்பளக் குறையைச் சொல்லும்போது திட்டு விழுந்ததும் பெரும்பாலும் அவருக்குத்தான்.

ஆனால் அந்தத் தலைமுறையில் எத்தனையோ பெரிய கறுப்பினக் கலைஞர்கள் மேனேஜர்களிடமும் நிறுவனங்களிடமும் ஏமாந்து, கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல் நின்றார்கள். ஹாம்ப்டனுக்கு அந்த நிலை வராததற்குக் கிளாடிஸின் கணக்குப் புத்தகம் ஒரு முக்கியக் காரணம். 1940களில் ஒரு கறுப்பினப் பெண் இவ்வளவு பெரிய இசைக்குழுவின் வியாபாரத்தை நடத்தினார் என்பதே அரிது. 1971இல் அவர் காலமானார். ஹாம்ப்டன் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அரசியலில் எந்தப் பக்கம்?

ஹாம்ப்டன் வாழ்நாளின் பெரும்பகுதி குடியரசுக் கட்சி ஆதரவாளர். நிக்சன், ரேகன், ஜார்ஜ் புஷ் சீனியர் ஆகியோருக்காகப் பிரசாரம் செய்தார். கறுப்பின மக்களில் பெரும்பான்மையினர் ஜனநாயகக் கட்சியின் பக்கம் போய்விட்ட காலத்தில் இது பலருக்கு உறுத்தலாக இருந்தது.

அந்த நெருக்கத்தால் கிடைத்தது என்ன? நியூயார்க் மாகாண ஆளுநராக இருந்த நெல்சன் ராக்ஃபெல்லரோடு அவருக்கு நல்ல உறவு. 1970களில் ஹார்லெமில் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்காக அரசு உதவியோடு 'லயனல் ஹாம்ப்டன் ஹவுசஸ்' குடியிருப்புகள் எழுந்தன. கிளாடிஸ் பெயரிலும் ஒரு குடியிருப்பு உண்டு.

தீயில் போனது, கடைசியில் நின்றது

அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகம் 1985இல் தன் ஜாஸ் விழாவுக்கும், 1987இல் தன் இசைக் கல்லூரிக்கும் ஹாம்ப்டன் பெயரைச் சூட்டியது. அங்கே ஆண்டுதோறும் பள்ளி மாணவர்களோடு மேடை ஏறினார். 1990களில் பக்கவாதம் வந்து உடல் தளர்ந்த பிறகும் கோலைக் கீழே வைக்கவில்லை.

1997 ஜனவரி. நியூயார்க்கில் அவருடைய அடுக்குமாடி வீட்டில், ஒரு விளக்கிலிருந்து தீப்பிடித்தது. 88 வயது ஹாம்ப்டனைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். உயிர் தப்பினார். ஆனால் அறுபது, எழுபது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த இசைக் குறிப்புகள், படங்கள், நினைவுப் பொருட்கள் எல்லாம் போய்விட்டன. போட்டுக்கொள்ள மாற்று உடைகூட இல்லை.

இரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் அதிபர் கிளின்டன் கையால் தேசியக் கலைப் பதக்கம் வாங்க வேண்டியிருந்தது. இரவல் உடையில் போய் வாங்கிக்கொண்டார்.

2002 ஆகஸ்ட் 31 அன்று நியூயார்க்கில் இதயச் செயலிழப்பால் காலமானார். வயது 94. டியூக் எலிங்டன், மைல்ஸ் டேவிஸ் ஆகியோர் உறங்கும் வுட்லான் கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பிறகு வைப்ரஃபோன் என்ன ஆனது?

ஹாம்ப்டன் திறந்த வழியில் பலர் வந்தார்கள். மில்ட் ஜாக்சன் மோட்டார் வேகத்தைக் குறைத்து, மனிதக் குரல் போல மெல்ல நடுங்கும் ஒலியைக் கொண்டுவந்தார். பாபி ஹட்சர்சன் புதுமையான இசைக்குள் கருவியை இழுத்துப்போனார். கேரி பர்ட்டன் இரண்டு கைகளில் நான்கு கோல்கள் பிடித்து, பியானோ போலவே வாசித்துக் காட்டினார். இப்போது உலகின் பல இசைக் கல்லூரிகளில் வைப்ரஃபோன் ஒரு பாடம்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

ஜாஸ் இதுவரை கேட்டதே இல்லையா? பரவாயில்லை. இந்த வரிசையில் கேட்டுப் பாருங்க:

1. 'மெமரீஸ் ஆஃப் யூ' (1930) - லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு. வைப்ரஃபோன் வருவது கொஞ்ச நேரம்தான், கவனமாகக் கேட்க வேண்டும்.
2. 'மூன்குளோ' (1936) - நால்வரின் முதல் பதிவு. கிளாரினெட்டும் வைப்ரஃபோனும் பேசிக்கொள்வது போல இருக்கும்.
3. 'ஃப்ளையிங் ஹோம்' (1942) - ஹெட்ஃபோனில் கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே கால் தாளம் போடும்.
4. 'மிட்நைட் சன்' (1947) - ராத்திரி தூங்கும் முன் கேட்க.

நான்கையும் சேர்த்தாலும் கால் மணி நேரம்கூட ஆகாது. ஒரு மனிதரின் 17 ஆண்டு வளர்ச்சி அதற்குள் இருக்கிறது.